அவங்க

வியாழக்கிழமை மட்டும் வருவார் கவுன்சலர்,
மதுரையிலிருந்து.
அறை, பழைய என்.எஸ்.எஸ். ஸ்டோர்.
மண்வெட்டிகள் இன்னும் மூலையில்.

தூக்கம்?
பரவாயில்லை மேடம்.
சாப்பாடு?
ஹாஸ்டல் சாப்பாடுதானே.
படிவத்தில் 'சில நாட்கள்' கட்டத்திலேயே
டிக் அடித்துக்கொண்டு போனேன்.
ஒன்பதாவது கேள்வியில்
பேனா நின்றது.

யாரையாவது பிடிக்குமா என்றார்.
அவங்க பள்ளத்தூர் என்றேன்.
அவங்க கெமிஸ்ட்ரி.
அவங்க இப்போ பேசறதில்லை.
ஒரு 'ங்க'வுக்குள்
ஆறடி ஆளை
மூன்று வாரம் ஒளித்துவைத்தேன்.
என் அப்பாவுக்குக்கூட
அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

நாலாவது வியாழன் கரண்ட் இல்லை.
வெளியே காரைக்குடி வெயில்
செம்மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது.
தேவகோட்டை பஸ்ஸில்
என் தோளில் சாய்ந்து தூங்கியதை,
சட்டையில் எச்சில் பட்டதை,
இறங்கவேண்டிய ஸ்டாப்பை நான் வேண்டுமென்றே விட்டதை
சொல்லிக்கொண்டே வந்து
"அவன் முழிச்சதும்" என்றுவிட்டேன்.

மண்வெட்டிகளை எண்ணினேன்.
ஏழு.
மேடம் நிமிரவில்லை,
விசிறிக்கொண்டிருந்த ஃபைலை மட்டும் கீழே வைத்தார்.

"அவன் முழிச்சதும்?"

அதே சொல். எதையும் மாற்றாமல்.
சொன்னேன்.
பெல் அடித்த பிறகும் சொன்னேன்.

ஒன்பதாவது கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
அடுத்த வியாழன் லீவாம்.
அதற்கடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.