புளித்த மண்

கொம்பு கிடைத்தது பூ இல்லாத ஆவணியில்.
ரேஸ்கோர்ஸ் பக்கத்துப் பெரிய பங்களாவில்
புல் பிடுங்கப் போன மூன்றாம் நாள்,
குணபால கத்தரித்துப் போட்ட குவியலில்
விரல் நீளத்தில் ஒன்று.
என்ன நிறம் என்று கேட்டேன்.
"பூத்தா தெரியும்" என்றான், அவனுடைய தமிழில்.
ஈரச் சாக்கில் சுற்றி
சாப்பாட்டுப் பெட்டிக்கு மேல் வைத்து
கந்தப்பளை பஸ்ஸில் நின்றபடி கொண்டுவந்தேன்.

ஏழு பேர்ச்சில்
வீடு போக, கக்கூஸ் போக,
கோவாவும் லீக்ஸும் போக,
மிஞ்சியது கதவுக்கு இடப்புறம்
ஒரு கட்டில் அகலம்.
"திங்க ஏலாத செடிக்கு இவ்வளவு இடமா?"
என்றாள் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம்.
அவள் கேட்டது நியாயம்.
பதில் இல்லாததால்
இரண்டு லீக்ஸ் பிடுங்கிக் கொடுத்தேன்.

அசேலியாவுக்குப் புளித்த மண் வேண்டும்.
இங்கே அதற்குப் பஞ்சமில்லை,
தேயிலை நின்று நின்றே
மோராய்ப் புளித்த மலை இது.
வேர் ஆழம் போகாது,
மேல்மண்ணிலேயே மயிர்போலப் படரும்,
மண்வெட்டி வைக்காதே என்றான் குணபால.
எங்களைப் போல என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
செடி செடியாகவே இருக்கட்டும்.
ஊற்றிய தேயிலைச் சக்கையை மட்டும்
தினமும் அடியில் தூவினேன்.

இரண்டாம் வருசம் முழங்கால் உயரம்.
தை மாதத்து உறைபனியில்
பீன்ஸ் கருகிப்போன காலையிலும்
ஓர் இலை உதிர்க்காமல் நின்றது,
கொஞ்சம் திமிராக.
பிறகுதான் மஞ்சள் வந்தது.
நடுவெல்லாம் வெளிறி, நரம்பு மட்டும் பச்சை,
மகள் பூகோளக் கொப்பியில்
ஆறுகள் வரைந்த மாதிரி.

கைக்குட்டையில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
குணபால ஒன்றுதான் கேட்டான்:
"சுண்ணாம்பு எங்கிருந்து?"

சுண்ணாம்பா?
எங்கள் வீட்டில் வெற்றிலை போடுவார் இல்லை.
சுவருக்கும் இன்னும் வெள்ளையடிக்கவில்லை.
உறுதி கைக்கு வரட்டும், பிறகு அடிப்போம் என்று
ஐந்து வருசமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அன்று அந்திக்குத் தயாளன் வந்தார்.
ஒன்பதாம் நம்பர் மலையைக்
கவ்வாத்துக்குத் தயார் பண்ணுகிறார்கள்,
அவருடைய கேங்குக்கு டொலமைட் போடுகிற வேலை.
மண்ணின் புளிப்பைக் குறைக்கத்தான்.
தேயிலைக்கும் புளிப்பில் ஓர் அளவு உண்டாம்.
புருவம் வெள்ளை, காது மடல் வெள்ளை,
களிசான் மடிப்பில் ஒரு கைப்பிடி.
வாசலில் நின்று இடப்புறமாய் உதறினார்,
வழக்கமாய் உதறுகிற மாதிரியே.
அந்தக் களிசானை நான் அலசிய தண்ணீரும்
வீணாகிவிடக் கூடாதென்று
அதே இடப்புறம்தான் போயிருக்கிறது,
வாளி வாளியாக.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.
முகம்கூடக் கழுவாமல் குந்தி
இலை இலையாய்த் துடைக்கப் பார்த்தார்,
அதே கையால்.

மறுநாள் உடுப்புக் கல்லைப் பின்பக்கம் உருட்டினோம்.
ஞாயிற்றுக்கிழமை பைனஸ் காட்டுக்குப் போய்
ஓர் உரப்பை நிறைய ஊசியிலை அள்ளிவந்து
தூர் படாமல் சுற்றிலும் பரப்பினார்.
எந்தக் கணக்கப்பிள்ளைக்கும்
அவர் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

மஞ்சள் இலைகள் திரும்பப் பச்சையாகவில்லை.
ஒவ்வொன்றாய் விழுந்தன.
புதிதாய் வந்தவை வேறு இலைகள்.

சித்திரை பிறக்க நாலு நாள் இருக்க,
மழை விட்ட ஒரு சாயங்காலம்
மூன்று மொட்டு விரிந்திருந்தது.
நிறத்தைக் குணபாலவுக்குத்தான் முதலில் சொல்வேன்,
இங்கே இல்லை.

இருட்டுகிற நேரம் அவர் வந்தார்.
இப்போதெல்லாம் நேர்வாசலால் வருவதில்லை.
கோவாப் பாத்தியைச் சுற்றிப் பின்பக்கமாய்,
சட்டையைக் கழற்றித் தூரப் பிடித்தபடி,
ஆற்றைக் கடக்கிறவர் போல.
பாத்தி ஓரத்திலேயே நின்றார்.
"பூத்திருச்சா?"
"கிட்ட வந்து பாருங்க."
"இரு" என்றார்,
"குளிச்சிட்டு வாறேன்."