ஒலிக்காத ஒற்று

காற்று கப்பலை நிறுத்திவிட்டது.
இணையமும் அலைபேசியும் மாலையிலேயே போயின.
மிச்சம் ஒரு தரைவழித் தொலைபேசி.
இந்த முனையில் கிளாக்ஸ்விக் சமையலறையில் நான்.
அந்த முனையில், மூன்று தீவுகள் தாண்டி,
குவால்பா சால்மன் பண்ணையின் தகரக் கொட்டகையில்
அஸ்த்ரி.

இரவு பதினொன்று இருபது.
கணினி புதுசு, நேற்றுதான் பிரித்தது.
விண்டோஸுக்குள் ஒரு யூனிக்ஸ் குடித்தனம் வைத்தாக வேண்டும்:
கூண்டுகளின் வெப்பம், உப்பு, ஆக்சிஜன்
எல்லாம் சலித்துக் கூட்டும் என் பழைய நிரல்
வேறு வீட்டில் கை நனைக்காது.
காலை ஆறுக்குள் கணக்கு வராவிட்டால்
தீவனப் படகு கிளம்பாது.

"என்ன சொல்கிறது? வாசி."
"கட்டளை காணவில்லை."
"எந்தக் கட்டளை?"
"எதைக் கேட்டாலும்."

முதலில் பாதையைச் சந்தேகித்தேன்.
சந்தேகத்தில் நியாயமும் இருந்தது:
ஃபைண்ட் என்று நம் ஆளைக் கூப்பிட்டால்
விண்டோஸின் ஃபைண்ட் முந்திக்கொண்டு "என்ன?" என்கிறது.
ஒரே பெயரில் இருவர் குடியிருக்கும் தெருவில்
தபால் முதல் வீட்டுக்குத்தானே போகும்.
வரிசையை மாற்றச் சொன்னேன், மாற்றினாள்.
ஃபைண்ட் சரியானது, மற்றது ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து, மீன் எண்ணும் கேமராவோடு வந்த மென்பொருள்
அதே டி.எல்.எல். கோப்பின் பழம்பிரதி ஒன்றைத்
தன் பைக்குள் வைத்திருந்தது.
ஒரு உறையில் இரண்டு கத்தி.
"அழிக்காதே, பெயரை மட்டும் மாற்றி வை."
வைத்தாள்.
"பிடித்துவிட்டோம்" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

கழற்றி மாட்டினோம், மூன்று முறை.
பென்டிரைவிலிருந்து ஏற ஏற
விழுக்காட்டை அவள் ஏலம் போடுவதுபோல் சொன்னாள்:
அறுபது, அறுபத்தொன்று, அறுபத்தொன்று, அறுபத்தொன்று.
அவள் தலைக்குமேல் தகரம் அடித்துக்கொள்வது
என் காபியில் கேட்டது.

"வீட்டு அடைவு. அப்படி ஒன்று இல்லையாம்."
"எந்த அடைவு? முழுசாக."
"ஹோம், சாய்கோடு, அஸ்த்ரி."
"இடைவெளி?"
"இல்லை."
"பெரிய எழுத்து?"
"முதல் எழுத்து மட்டும்."
காதை எவ்வளவு தீட்டியும்
அந்த வரியில் ஒரு கீறல் இல்லை.

"எழுத்தெழுத்தாகச் சொல்."
பெருமூச்சு விட்டாள், சொன்னாள்.
"அப்புறம் ஒரு கேள்விக்குறி."
"கேள்விக்குறியா?"
"என் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்."

ஏட்டில் அஸ்த்ரித்.
எங்கள் மொழியில் அந்த ஒற்றை எழுதுவோம், சொல்லமாட்டோம்.
அரை மாத்திரைகூட அதற்குக் கிடையாது.
பள்ளியில் விட்டால் மதிப்பெண் போகும்,
ஒலித்தால் வகுப்பே சிரிக்கும்.
மூன்று மணி நேரம் அவள் வாசித்தாள், நான் கேட்டேன்.
அவள் நாவில் ஒட்டாமல், என் காதில் தட்டாமல்,
ஒற்றன்போல அது
வரிக்குள் கால்நீட்டி உட்கார்ந்திருந்தது.

"ஸி டிரைவின் அடியில் ஒரு அடைவு போடு.
ஒரே எழுத்து. வீட்டை அங்கே மாற்று."
"எந்த எழுத்து?"
"எதுவானாலும். இங்கிலீஷில் இருப்பதாகப் பார்."
கொஞ்ச நேரம் தகரம் மட்டும் பேசியது.
"நாற்பத்தொரு வருஷமாக இந்தப் பெயர்,"
என்றாள், "சம்பளச் சீட்டு, கல்யாணப் பதிவு,
ஒருத்தரும் திருப்பி அனுப்பியதில்லை."
பிறகு விசைகள்.

"டாலர் குறி!"
லாட்டரி விழுந்ததுபோல் கத்தினாள்.
பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் சிமிட்டுகிறதாம்.
மூன்றாம் கூண்டு, ஏழு புள்ளி இரண்டு டிகிரி.
நான்காவதைச் சொல்லும் முன்
தொலைபேசியும் போனது.

காலையில் பணிப்பதிவேடு.
'காரணம்' கட்டத்தில் 'பயனர் பெயர்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'நிறுவிக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியவில்லை.'
கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறியது, ஏறட்டும்.
'அழைத்தவர்' கட்டத்தில்
அவள் பெயரை முழுசாக எழுதினேன்,
கடைசி ஒற்றை
அடுத்த தாளிலும் பதியும்படி.