பதினொன்றாவது வார்ப்பு

உர்மாஸுக்கு மோப்பம் போய் மூன்று வருடம்.
காய்ச்சல் வந்தது, போனது.
போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
காப்பி அவனுக்கு வெந்நீர்,
புகையில் வாட்டிய மீன் ஈரத்துணி,
என் கழுத்து வெறும் கழுத்து.

படகுத்துறை வேலை நின்ற அக்டோபரில்
அவன்தான் கேட்டான்:
சோப்பு செய்து விற்றால் என்ன?
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
நிறுப்பது என் பாடு,
முகர்வது உன் பாடு என்றான்.

காரைப் பனியில் நிறுத்திவிட்டு
அதன் கொட்டகையில் அடுப்பு வைத்தோம்.
ஹியுமா தீவில் அந்தக் குளிர்காலம் முழுக்க
எங்கள் கார் ஒரு வெள்ளை மேடு.
காஸ்டிக் சோடா ஒரு கிராம் கூடினாலும்
முதலிலிருந்து நிறுப்பான்.
'காரத்தில் தண்ணீர் அல்ல, தண்ணீரில் காரம்'
என்று சுவரில் கரியால் எழுதினான்.
ஒருமுறை நான் மாற்றிச் செய்ததற்கு
மணிக்கட்டில் காசளவு வழுவழுப்பு
இன்னும் இருக்கிறது.

கரண்டியைத் தூக்கினால்
சொட்டும் கோடு மேலே நிற்க வேண்டும்.
அதுதான் பதம்.
எனக்கு முன்பே அவன் கண்டுபிடித்துவிடுவான்.
பிறகு கேட்பான்:
எப்படி இருக்கிறது?
ஜூனிப்பர்.
ஜூனிப்பர் நான்தான் போட்டேன், எப்படி இருக்கிறது?

சாவுனாக் கல்லில் முதல் கரண்டித் தண்ணீர்.
ஈர பூட்சோடு தபால்காரர்
சமையலறைக்குள் வந்து நிற்பது.
இப்படி எதையாவது தேடிச் சொல்வேன்.
நோட்டில் எழுதிக்கொள்வான்,
எடைக்குப் பக்கத்தில்.

பிப்ரவரியில் அக்காவின் ஆபரேஷனுக்கு
ஒரு வாரம் தாலினில் இருந்தேன்.
திரும்பியபோது
ஜன்னலோரம் இருபத்துநான்கு கட்டிகள்,
பல்வரிசைபோல் நேராக,
நாங்கள் செய்ததிலேயே அழகானவை.
பதினொன்றாவது, தனியாகச் செய்தேன் என்றான்.
வாசற்படியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது:
பீப்பாயின் அடியில் கிடந்த
காறிப்போன எண்ணெய்.

எப்படி இருக்கிறது?

மழை, என்றேன்.
எழுதிக்கொண்டான்.

மே மாதச் சந்தையில்
அதைத்தான் முன்வரிசையில் அடுக்கினான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மஞ்சள் கோட்டுப் பெண்ணொருத்தி
ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்
என்னைப் பார்த்தாள்,
குழந்தையைக் கிடத்துவதுபோல்
மெல்ல வைத்துவிட்டு நகர்ந்தாள்.
அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கலங்கரை விளக்குச் சாலைவரை பேச்சில்லை.
அப்புறம்: அது மழை இல்லை.
இல்லை.
வேறென்ன?

ஜன்னல் புட்டி, என்றேன்.
திறந்து வைத்து மறந்த பெயின்ட் டப்பா.
கழுவாமல் ஊருக்குப் போனவர்களின்
வாணலி.

காரை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான்.
கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.
வாணலி, என்றான் மறுபடி.
இப்போது முகர்ந்த மாதிரி இருக்கிறது.
மழையென்று நீ சொன்னபோது
எனக்கு ஒன்றுமே வரவில்லை.

மூன்று வாரம் கழித்து
மீன்பிடிக்கிற கால்யு கதவைத் தட்டினார்.
அந்த நாற்றம் பிடித்தது இன்னும் இருக்கிறதா?
பூ மணக்கிற மற்றதெல்லாம்
ஹெர்ரிங் மீனிடம் தோற்றுப்போகிறது,
இது மட்டும்தான் சரிக்குச் சரி நின்றது.
மிச்சம் ஐந்து. ஐந்தையும் கொடுத்தோம்.
உர்மாஸ் காசு வாங்க மறுத்தான்.
நான் வாங்கிக்கொண்டேன்.

இரவு விளக்கணைத்த பின்
என் பக்கம் திரும்பிக் கேட்டான்:
உன் கழுத்து இன்று எப்படி?

கொஞ்சம் ஜூனிப்பர்.
நிறைய வியர்வை.
அதற்கடியில், கடன் தவணை இருபதாம் தேதி என்கிற
பயத்தின் வாடை.

உம், என்றான்.
நோட்டைத் தேடி
இருட்டில் கையை நீட்டினான்.