அரை ஆளுக்கு மூன்று

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.
ஃப்ரிட்ஜ் கதவில், ஒரே காந்தத்தின் கீழ், இரண்டு தாள்கள்:
ஒடெஸ்ஸா நாலு வயதிலிருந்து போகும் மாண்டிசோரியிலேயே
ஏழும் எட்டும் படிக்க ஒன்று.
ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளிக்கு மற்றது.
மில்வாக்கியில் பனி விடாமல் கொட்டுகிறது.
நான் மாநகராட்சியின் பனி தள்ளும் லாரி ஓட்டுபவன்.
எந்தத் தெரு முதலில் என்பதை
எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள்.

வெர்னிதா மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் கணக்கெழுதுகிறாள்.
ஆறாம் வகுப்பில் இருபத்து நாலு பேர்.
ஏழுக்குத் தங்குவது ஒன்பது.
"அதில் பெண்பிள்ளைகள்?"
மூன்று.
மூவரில் ஒருத்தி
அக்டோபரிலிருந்து ஒடெஸ்ஸாவோடு பேசுவதில்லை.

அங்கே மார்க் கிடையாது, மணி அடிப்பதில்லை,
பாய் விரித்து வேலை செய்து
பாயைச் சுருட்டி வைப்பார்கள் என்று
எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது.
பணக்காரப் பள்ளியா என்பார்கள்.
இல்லை, அரசுப் பள்ளி, குலுக்கலில் விழுந்த இடம்.
அண்ணன் கிரேடி சிரிப்பான்:
"சின்ன வயதில் மணி கோத்தாள், சரி.
உலகம் மார்க் போடும்போது என்ன செய்வாள்?"
அவன் மகனுக்கு லாக்கர் இருக்கிறது, டிரம்பெட் இருக்கிறது,
அல்ஜீப்ராவில் ஏ இருக்கிறது.

பெரிய பள்ளியைப் பார்க்கப் போன அன்று
யாருடையதோ ஒரு லாக்கரின் பூட்டை
ஒடெஸ்ஸா இடமும் வலமுமாகத் திருகினாள்.
ஆசையை மறைக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை அவள்.

இங்கே பெரிய பிள்ளைகள் கோழி வளர்த்து முட்டை விற்கிறார்கள்.
கணக்குப் புத்தகத்தில் பதினொரு டாலர் குறைகிறது.
யாரும் திட்டவில்லை.
மூன்று வாரமாகத் தேடுகிறார்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.
"மூன்று வாரமா?" என்றாள் வெர்னிதா.

நேற்றிரவு, சோதிக்கத்தான், கேட்டேன்:
மூன்றை அரையால் வகுத்தால் எவ்வளவு?
எனக்கு அரை நொடி போதும். தலைகீழாக்கு, பெருக்கு, ஆறு.
அவள் எழுந்து போய் மூன்று பிஸ்கட் கொண்டுவந்தாள்.
பென்சிலை இரண்டாக முறித்தாள்.
ஒரு துண்டை மேசைமேல் நிறுத்தினாள்.
"இது அரை ஆள்.
அரை ஆளுக்கு மூன்று பிஸ்கட் கிடைத்துவிட்டது.
முழு ஆளுக்கு?"
மறு துண்டையும் பக்கத்தில் நிறுத்தி
அதன் முன்னால் இன்னும் மூன்று வைத்தாள்.
"வகுத்தல்னா அதுதான் அப்பா,
ஒரு முழு ஆளுக்கு எவ்வளவுன்னு கேட்கறது."

நாற்பத்து மூன்று வயதுவரை திருப்பிப் போட்டவன் நான்.
ஏன் திருப்புகிறோம் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
அந்த வருடம் என் மார்க் தொண்ணூற்றிரண்டு.

"நாலு நிமிஷம் ஆச்சு," என்றாள் வெர்னிதா, கடிகாரத்தைப் பார்த்து.
அதுவும் உண்மை.

பன்னிரண்டு வயது.
துண்டுப் பென்சில் உயரம்தான் நிற்கிறாள் பிள்ளை.
மறு பாதி எங்கிருந்து வரும்,
ஒன்பது பேரிடமிருந்தா, ஆயிரம் பேரிடமிருந்தா?
அவளையே கேட்டோம்.
"லாக்கர் வேணும்," என்றாள். "கோழியும் வேணும்."
பல் தேய்க்கப் போய்விட்டாள்.

இரவு முழுக்க லாரி ஓட்டினேன்.
இரண்டு பள்ளியின் தெருவும் என் பட்டியலில் இருந்தன.
பெரிய பள்ளியின் முன் பெரிய வட்டம், சுலபமாகத் திரும்பலாம்.
சின்னப் பள்ளியின் சந்தில்
முன்னும் பின்னுமாக ஏழு தடவை.
கோழிக்கூண்டில் விளக்கெரிந்தது.

ஆறு மணிக்கு வீடு திரும்பினால்
இரண்டு படிவத்திலும் வெர்னிதாவின் கையெழுத்து.
என் இடம் இரண்டிலும் காலி.
மேசையில் பென்சில் துண்டுகள் இன்னும் நின்றன,
அடுத்தடுத்து, ஒட்டாமல்.
பிஸ்கட்டை எண்ணினேன்.
ஐந்து.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து
மறுபடி எண்ணினேன்.