கழிவு

எட்டு கிராம் என்று நீட்டினால் அது எட்டு கிராம் இல்லை.
அழுக்கு, உள்ளே அரக்கு, சிவப்புக் கல்,
கொக்கியில் பற்றவைத்த பொடி
எல்லாம் கழித்து ஏழே கால் எழுதுவேன்.
காரைக்குடி கூட்டுறவு வங்கியில்
பதினொரு வருடமாய் இதுதான் வேலை.
உரைகல்லில் ஓர் இழுப்பு, ஒரு சொட்டு அமிலம்.
எதிரே நிற்பவர் முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது.
பார்த்தால் கை தானாகக் கால் கிராம் கூட்டிவிடும்.

வீட்டை உரசிப் பார்க்க அப்படியொரு கல் இல்லை.

கழனிவாசலில் மூன்றரை சென்ட்.
அடுப்படிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கீறல்;
மாணிக்கவேல் அதில் நகத்தை விட்டுப் பார்த்தார்.
பூச்சுதான், உள்ளே போகலை.
கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன்.
உப்பில்லை.
அதுக்கே ரெண்டு லட்சம் கூட்டிக் குடுக்கலாம் தாயி,
என்றார் தரகர் சேவுகன்.
நாப்பத்தாறு சொல்றாக. நீங்க ஒண்ணு சொல்லுங்க,
வாய்விட்டு வேணாம், அவுக உள்ளதான் இருக்காக.
தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டு
இவரிடம் நீட்டினார், மாட்டுச் சந்தையில் பழகிய மனிதர்.
துண்டுக்குள் கையை விட்டுவிட்டு
இவர் என்னைப் பார்த்தார்.
நாளைக்குச் சொல்கிறோம் என்றேன்.

ராத்திரி, கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்கு.
முப்பத்தொன்பது என்றால் முகத்தில் அடித்த மாதிரி.
நாற்பத்துநாலு என்றால்
இரண்டு வருடத்துக்கு நமக்கு மூச்சில்லை.
கீறலுக்கு அரை கழி.
ஒயரிங் மொத்தமும் மாத்தணும், ஒன்றரை கழி.
பத்திரச் செலவு நம் தலையில்.
கொல்லை முருங்கைக்கு என்ன போடுவது என்றார்.
சிரித்தோம்.

நான் அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
அந்த வீட்டு வயிரவனின் மனைவி உண்ணாமலை,
அவர் கையிலிருந்து இறங்கிய ஆறு வளையல்,
ஒரு இரட்டைவடச் சங்கிலி,
எல்லாம் என் தராசில் ஏறியவை.
அரக்கு முத்திரை வைத்த பொட்டலத்தில்
என் கையெழுத்து.
இருபத்தேழாம் தேதி ஏலம். நோட்டீஸ் போய்விட்டது.
அசலும் வட்டியும் பைசா சுத்தமாய்த் தெரியும்.
இரண்டு வாரம் பேசாமல் இருந்தால்
முப்பத்தெட்டுக்கே தலையாட்டுவார்.

அதை நினைத்துக் குறைத்தால்
பொட்டலத்தைப் பிரித்த கை.
அதை நினைத்துக் கூட்டினாலும்
பிரித்த கைதானே.

புதுவயல் அரிசி ஆலையில்
மூட்டைக் கணக்கு எழுதுகிறவளாய் இருந்திருந்தால்
என்ன சொல்லியிருப்பேன்?
யோசித்துப் பார்த்தேன்.
யோசிப்பவள் அவளாக இல்லை.

நீங்க சொல்லுங்க, என்றேன்.
எதுவும் தெரியாத மனிதர்.
பேனாவைக் காதில் செருகி, எடுத்து, மறுபடி செருகி,
நாப்பத்தொண்ணேகால், என்றார்.
அந்த எண்ணை மனசுக்குள் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன்.
நிறம் மாறவில்லை.

அப்புறம் அவரே சொன்னார்:
அவசரம் என்ன, ரெண்டு வாரம் விட்டுப் பிடிச்சா
இன்னும் இறங்குவாரு.

நாளைக்கே சொல்லிடணும்.

ஏன்?

நாள் நல்லா இருக்கு, என்றேன்.

பதினொரு வருடத்தில்
தெரிந்தே நான் தங்கம் என்று சொன்ன
முதல் கவரிங்.

அவர் தூங்கிய பிறகு
தினசரிக் காலண்டரின் அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தேன்.
அஷ்டமி. கூடவே கரிநாள்.
விடியும் முன் எழுந்து
இரண்டு தாளாகக் கிழித்துவிட வேண்டும்.