இழுவை வண்டி வரும்வரை

எழுந்து நின்று கைதட்டுகிற வழக்கம் எனக்கில்லை.
மினியாபொலிஸில் அந்தக் கப்பல்காரன் இசை நாடகம் முடிந்ததும்
அரங்கமே எழுந்தது.
நான் உட்கார்ந்தே தட்டினேன்.
டார்ச் பிடித்த பையன் குனிந்து
முழங்காலில் ஏதும் தொந்தரவா என்று கேட்டான்.
முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி.
நொண்டுவது உங்கள் இரண்டாம் பாதி.

பேச்சு போதாதபோது பாட்டு பிறக்கிறதாம்.
பொய்.
பாடுகிறவரை யாரும் குறுக்கே மறிப்பதில்லை,
அதற்காகத்தான் பாடுகிறார்கள்.
அக்கா வீட்டு வான்கோழி விருந்தில்
இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க
எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

புத்தகத்தைப் படமாக்குகிறவர்களிடம் ஒரு கணக்கு பாக்கி.
அவளுக்கு நான் ஒரு தெற்றுப்பல் கொடுத்திருந்தேன்,
கையில் கொஞ்சம் டீசல் வாசம்.
இரண்டையும் பிடுங்கிக்கொண்டு
ஷாம்பு விளம்பரக் கூந்தலை நீட்டினார்கள்.
திருப்பிக் கேட்க எந்தக் கவுண்டரில் நிற்பது?

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்.
துருவக்கரடி படம் ஒன்று,
கரடியின் முதுகில் ஜிப் தெரியும்,
ஒன்பது முறை பார்த்து
ஒன்பது முறையும் அந்த ஜிப்புக்காக அழுதவள் நான்.

ஆரினோடு பேச்சு நின்றது
கடைசி எபிசோடில்.
அவன் வீட்டு நிலவறை, அவன் சோளப்பொரி,
ஏழு சீசன்.
பிணங்களை அறுத்துப் படிக்கிற அந்த டாக்டர் அம்மாள்
கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள்.
காலியான சமையலறை. இருட்டு. பெயர்கள் ஓடுகின்றன.
செத்துப்போனாள் என்றேன்.
பால் வாங்கப் போயிருக்கிறாள் என்றான்.
பாலா?
ஏழு சீசன் உட்கார்ந்து பார்த்துவிட்டு
பாலா?
கோட்டை எடுத்துக்கொண்டு வந்தவள்தான்.
ஆறு வருடம்.

டுலூத்தில் ஜனவரி.
ஏரியே மூச்சு விடாத குளிர்.
இரவு இரண்டே காலுக்கு இழுவை வண்டி அலுவலகத்தில்
ஹெட்போனை மாட்டுகிறேன்:
ஸ்கைலைன் சாலை, கறுப்பு பிக்கப்,
சக்கரம் பள்ளத்தில்.
சொல்லுக்குச் சொல் தொண்டையைச் செருமுகிற அந்தக் குரல்
உலகத்தில் ஒருவனுக்குத்தான்.
பெயர் என்று கேட்டேன், தெரியாதவள்போல.
ஆரின் லின்ட்க்விஸ்ட்.
எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றேன்.
சொன்னான்,
ஒவ்வொரு எழுத்தாக,
ஆளைத் தெரிந்துகொண்டு.

வண்டி வர நாற்பது நிமிடம்.
இந்தக் குளிரில் அழைத்தவரைத் தனியே விடக் கூடாது,
அது நிறுவன விதி.
ஹீட்டரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.
பெட்ரோல் அளவைப் பற்றி.
காற்று.
பிறகு அவன்:
"இன்னும் செத்துவிட்டாள் என்றுதான் சொல்கிறாயா, லோரெல்?"

முப்பத்தோரு நிமிடம் சண்டை போட்டோம்.
நாலாம் சீசனை ஏரியில் வீச வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம்.
இரட்டைச் சகோதரன் தேவையே இல்லை என்பதிலும்.
இரண்டு முறை என்னைச் சிரிக்க வைத்தான்,
இரண்டு முறையும் மைக்கை மூடிக்கொண்டேன்.
மஞ்சள் விளக்கு தெரிகிறது என்றான்.
லைன் செத்தது.
நன்றி இல்லை, குட்நைட் இல்லை.

காலையில் ஷூவைக் கழற்றாமல்
அந்தக் கடைசிக் காட்சியை ஓடவிட்டு நிறுத்தினேன்.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு.
ஆறு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.
மூக்கு திரையில் இடிக்கப் படித்தேன்:
முட்டை.
பேட்டரி.
மூன்றாவது வரி
மீன் வடிவக் காந்தத்துக்கு அடியில்.

அந்த மீனை நகர்த்த எவராலும் ஆகாது.

ஆரினிடம் சொல்லப்போவதில்லை.
வேண்டுமென்றால்
அடுத்த பனிக்கு அவனே வந்து
பள்ளத்தில் விழட்டும்.