பதினாலாம் நம்பர் கடை

ரெஜினால்டு செத்துக் கிடந்த நகைக்கடை
ஒன்பது ஓணமாய்த் திறக்கவில்லை.

பாறசாலைக்காரர்களுக்கு அது பாண்டிக்காரன் வேலை,
களியக்காவிளையில் கேட்டால் மலையாளத்தான்.
லாட்டரி தங்கய்யன் கண்டது இரண்டு பைக்;
போன வருஷம் வரை ஒன்றுதான்.
மச்சினனைப் பிடித்தார்கள், விட்டார்கள்,
மஸ்கட் போய்த் தடித்து வந்தான்.
பூட்டு உடையவே இல்லையாம் வே என்பார்கள்
என் பெட்டிமேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு.

இரண்டு மாநிலப் போலீசும்
காம்ப்ளக்ஸில் கடைகடையாய் ஏறினார்கள்.
படிக்குக் கீழே சாவி வெட்டும் என்னிடம்
குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள்.

சோப்பில் பதித்த அச்சை நீட்டியவன்
எந்த பாஷையும் பேசவில்லை.
அறுபது ரூபாய். நூறாய்த் தந்து
மிச்சம் வேண்டாமென்று கையாட்டினான்.

வீட்டில் அன்றுமுதல் எனக்குப் பயறுமாவுதான்.
விஜிலா கேட்டாள்.
தோலுக்கு ஆகவில்லை என்றேன்.